கழன்ற சக்கரமும் காணாமல்போகும் பட்டறையும்
பழுதுபார்ப்புக் குறையால் நேரும் விபத்துகளில் சட்டப்பொறுப்பு

1. கேட்கப்படாத கேள்வி

தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் பதிவாகும் சாலை விபத்து வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகளில் ஒரு வாசகம் மாறாமல் வரும். ஓட்டுநர் வண்டியை 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' ஓட்டி வந்து மோதினார் என்பது அது. குற்றப்பத்திரிகையிலும் இழப்பீட்டு மனுவிலும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தின் ஆணையிலும் இதே வாசகம்தான் தொடர்கிறது. ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விபத்து அறிக்கைக்கும் காவல்துறை தரும் விவரங்களே அடிப்படை. 2022ஆம் ஆண்டு நாடு முழுவதும் 1,68,491 பேர் சாலையில் இறந்தனர். அவ்வாண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். நாட்டின் மொத்த உயிரிழப்புகளில் ஏறத்தாழ 71 விழுக்காடு அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த அறிக்கையின் விதிமீறல்வாரியான அட்டவணையில் மதுபோதை, தவறான திசை, கைப்பேசி என்று தலைப்புகள் உண்டு. பழுதுபார்ப்புக் குறை என்றொரு தலைப்பு இல்லை.

தலைப்பு இல்லாததாலேயே அத்தகைய விபத்துகள் இல்லை என்றாகிவிடாது. சக்கரம் மாற்றியபின் சரியாக முடுக்கப்படாத நட்டு, டை ராட் முனையில் போட மறந்த காட்டர் பின், பிரேக் ஆயிலுக்குப் பதிலாக ஊற்றப்பட்ட வேறு எண்ணெய் ஆகியவை எல்லாம் உயிர் குடிக்கக்கூடியவை என்பது பட்டறையில் நிற்கும் யாருக்கும் தெரியும். இவ்வாறு ஒரு குறையான வேலையால் விபத்து நேர்ந்தால் அந்த வேலையைச் செய்தவர் சட்டத்தின் முன் பொறுப்பாளியா என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பொறுப்பாளிதான் என்பதில் ஐயமில்லை. கோட்பாட்டு அளவில் அது எப்போதோ முடிந்த விவாதம். ஆனாலும் இந்திய விபத்து வழக்குகளில் பட்டறை ஒரு தரப்பாக நிற்பதைக் காண்பது அரிது. கோட்பாட்டுக்கும் நடைமுறைக்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளி தற்செயலானதன்று என்றும், பாதிக்கப்பட்டவர்மீது கொண்ட இரக்கத்தால் நாம் கட்டியெழுப்பிய இழப்பீட்டு முறையே அதை ஓரளவு உருவாக்கியிருக்கிறது என்றும் இங்கே வாதிட விரும்புகிறேன்.

2. ஆங்கிலத் தீர்ப்புகள் விட்டுச்சென்றவை

இந்தியத் தீங்கியல் சட்டம் பெரும்பாலும் ஆங்கிலப் பொதுச்சட்டத்திலிருந்து வந்தது. ஆகவே 1923ஆம் ஆண்டின் பிலிப்ஸ் எதிர் பிரிட்டானியா ஹைஜீனிக் லாண்டரி வழக்கிலிருந்து தொடங்குவது பொருந்தும். ஒரு சலவை நிறுவனத்தின் லாரியில் அச்சு முறிந்து மற்றொருவரின் வண்டி சேதமடைந்தது. அச்சின் குறைக்குக் காரணம் அதைப் பழுதுபார்த்தவர்களின் கவனக்குறைவு. லாரி உரிமையாளர் தகுதியானவர்களிடம்தான் வேலையை ஒப்படைத்திருந்தார். அவர்மேல் தவறில்லை என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். வண்டி நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்ற அரசு விதியை மீறியதாலேயே உரிமையாளர்மீது வழக்குரிமை பிறந்துவிடாது என்றும் சொன்னது. அப்படியானால் பாதிக்கப்பட்டவர் யாரிடம் கேட்பது? பழுதுபார்த்தவருக்கும் அவருக்கும் ஒப்பந்தம் ஏதுமில்லையே.

அந்த அமர்வில் இருந்த நீதிபதிகளில் ஒருவர் ஆட்கின். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1932இல், டானகு எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் பிரபுக்கள் சபையின் பெரும்பான்மைத் தீர்ப்புக்கு முகமாக நின்றவரும் அவரே. தன் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் யார் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியுமோ அவர்பால் ஒருவருக்குக் கவனக்கடமை உண்டு, இடையில் ஒப்பந்தம் தேவையில்லை என்று அந்தத் தீர்ப்பு நிறுவியது. பானம் தயாரித்தவரைப் பற்றிய வழக்குதான் அது. ஆனால் பழுதுபார்ப்பவர்களை அது எட்டுவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. 1939இல் ஸ்டெனட் எதிர் ஹான்காக் வழக்கில், லாரிச் சக்கரத்தின் விளிம்பு வளையம் ஓட்டத்தில் கழன்று நடைபாதையில் சென்ற பெண்ணைத் தாக்கியது. சக்கரத்தைப் பழுதுபார்த்தவரே பொறுப்பு, நம்பி வேலை கொடுத்த உரிமையாளர் பொறுப்பில்லை என்று தீர்ப்பானது. 1941இல் ஹேசல்டைன் எதிர் டா வழக்கு இதே கொள்கையை மின்தூக்கியைப் பழுதுபார்த்தவர்களுக்கும் நீட்டியது.

ஆக, பட்டறையின் பொறுப்பு எண்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைபெற்ற ஒன்று. இந்தத் தீர்ப்புகளில் என் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. உரிமையாளரை விடுவித்ததால்தான் பழுதுபார்த்தவரின் வேலையை நீதிமன்றம் ஆராய வேண்டியிருந்தது. சக்கரம் எப்படிப் பொருத்தப்பட்டது, வளையம் எப்படி உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் வழக்கின் மையமாயின.

பிற்காலத்தில் ஆங்கிலச் சட்டமே பொறுப்பை உரிமையாளர்மீது சுமத்தும் பக்கம் திரும்பியது. 1969இல் பிரபுக்கள் சபை தீர்த்த ஹெண்டர்சன் எதிர் ஹென்றி ஜென்கின்ஸ் வழக்கில், இறக்கத்தில் வந்த லாரியின் பிரேக் பிடிக்கவில்லை, ஒருவர் உயிரிழந்தார். பிரேக் ஆயில் செல்லும் குழாய் அரித்துப்போயிருந்தது. அரிப்பு இருந்த பகுதி, குழாயைக் கழற்றாமல் பார்க்க முடியாத இடம். வழக்கமான சோதனைகளை ஒழுங்காகச் செய்தோம் என்றனர் உரிமையாளர்கள். அது போதாது என்று மூவருக்கு இருவர் என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அந்த லாரி முன்னர் எங்கெல்லாம் ஓடியது, அரிக்கும் சரக்கு எதையாவது ஏற்றியதா என்று சொல்ல வேண்டியவர் உரிமையாளர், அவர் சொல்லவில்லை. வண்டியின் கடந்தகாலத்தையும் சாட்சியத்துக்குள் கொண்டுவந்த தீர்ப்பு இது. இன்றும் இதன் தருக்கத்துக்கு உரிய இடம் கிடைத்துவிட்டதாக நான் கருதவில்லை.

3. இந்தியாவில் உரிமையாளர் தோளில் ஏறிய சுமை

இந்திய உச்ச நீதிமன்றம் இந்தத் திசையில் இன்னும் வேகமாகச் சென்றது. 1977இல் மினு மேத்தா வழக்கில், இயந்திரக் கோளாறுதான் விபத்துக்குக் காரணம் என்று சொல்பவர் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்றது. கோளாறு இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது. நியாயமான கவனம் எல்லாம் எடுத்தும் கண்டுபிடிக்க முடியாத மறைகுறை அது என்றும் உரிமையாளர் காட்ட வேண்டும். 2001இல் கௌஷ்னுமா பேகம் வழக்கு இன்னொரு படி முன்னே சென்றது. ஓடிக்கொண்டிருந்த ஜீப்பின் முன்டயர் வெடித்து, வண்டி கவிழ்ந்து, சாலையில் நடந்து சென்றவர் இறந்தார். ஓட்டுநரின் அஜாக்கிரதை இல்லை என்று தீர்ப்பாயம் மனுவைத் தள்ளியிருந்தது. உச்ச நீதிமன்றம் ரைலண்ட்ஸ் எதிர் ஃபிளெட்சரின் கடும்பொறுப்புக் கொள்கையைப் பயன்படுத்தி, கவனக்குறைவு மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் இழப்பீடு உண்டு என்றது.

பின்னர் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 164ஆம் பிரிவு புதிய வடிவம் பெற்றது. இறப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய். யார் தவறு என்று மனுதாரர் சொல்லவே வேண்டியதில்லை. இதைவிடக் கூடுதலாகக் கேட்பவர் 166ஆம் பிரிவின்கீழ் பொதுவாகத் தவறை நிறுவ வேண்டும்.

தந்தையை இழந்த குடும்பம் பிரேக் குழாயின் உலோகவியலை நிரூபிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமை. அந்தச் சுமையை இறக்கியது நம் நீதித்துறையின் பெருமைக்குரிய செயல். அதில் ஒரு சொல்லையும் குறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் அதன் பக்கவிளைவைப் பார்க்காமலும் இருக்க முடியாது. 'பிரேக் பிடிக்கவில்லை' என்ற சொல் நம் தீர்ப்பாயங்களில் தப்பிக்க முயலும் ஓட்டுநரின் சாக்காக மட்டுமே வந்து சேர்கிறது. பல நேரங்களில் அது சாக்கும்தான். உண்மையாக இருக்கும் நேரத்திலும் அதைச் சொல்லி உரிமையாளருக்கு ஆவது ஒன்றுமில்லை. எப்படியும் பொறுப்பு அவருடையது, பணம் காப்பீட்டு நிறுவனத்துடையது. ஆகவே யாரும் அதைத் தோண்டுவதில்லை. உரிமையாளரின் பொறுப்பு எவ்வளவு உறுதியானதோ, வண்டி ஏன் பழுதானது என்ற விசாரணை அவ்வளவு தேவையற்றதாகிவிட்டது.

4. தீர்ப்பாயத்தின் வாசல் மூடியிருக்கிறதா?

பட்டறையைத் தீர்ப்பாயத்துக்குள் கொண்டுவரவே முடியாது என்ற எண்ணம் சில வழக்கறிஞர்களிடம் உண்டு. ஓட்டுநர், உரிமையாளர், காப்பீட்டாளர் ஆகிய மூவருக்கு மட்டுமான மன்றம் அது என்பது அவர்கள் வாதம். 165ஆம் பிரிவின் வாசகம் அவ்வளவு குறுகியதன்று. மோட்டார் வாகனப் பயன்பாட்டிலிருந்து எழும் விபத்து என்பதுதான் அளவுகோல். எதிர்த்தரப்பு யார் என்பது அன்று. 1997இல் இந்திய ஒன்றியம் எதிர் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் வழக்கில், கேரளத்தில் ஆளில்லா ரயில்வே கடவையில் நடந்த விபத்துக்கு ரயில்வேயையும் தீர்ப்பாயத்திலேயே பொறுப்பாளியாக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வண்டியின் உரிமையாளரும் அல்லாத, ஓட்டுநரும் அல்லாத ஒரு தரப்பு கூட்டுத் தவறாளியாக உள்ளே வர முடியுமென்றால், பட்டறை மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்? கடவையில் கதவு போடாத ரயில்வேயைவிட, சக்கரத்தைக் கையால் தொட்டு மாட்டியவர் விபத்துக்கு நெருக்கமானவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

கூட்டுக் கவனக்குறைவு பற்றிய சட்டமும் இதற்கு இடம் தருகிறது. 2015இல் கென்யேய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியபடி, பலருடைய தவறால் பாதிக்கப்பட்டவர் முழுத் தொகையையும் அவர்களில் எவரிடமிருந்தும் பெறலாம். பங்கு பிரிப்பது அவர்களுக்குள்ளான விவகாரம். எனவே பட்டறையைச் சேர்ப்பதால் பாதிக்கப்பட்டவருக்கு வரவேண்டிய பணம் குறையாது. வழக்கு நீளும் என்ற அச்சம் நியாயமானது. முதலில் காப்பீட்டாளர் செலுத்தட்டும், பட்டறைக்கும் உரிமையாளருக்குமான பங்குக் கேள்வி அதன்பின் தனியாக விசாரிக்கப்படட்டும் என்று தீர்ப்பாயம் பிரித்துக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிரான சூழலில் சட்டம் ஏற்கெனவே தெளிவாக இருப்பதையும் சொல்ல வேண்டும். பழுதுபார்க்க ஒப்படைக்கப்பட்ட வண்டி பட்டறைக்காரரின் பொறுப்பில் இருக்கும்போது அவராலோ அவருடைய ஆளாலோ விபத்து நேர்ந்தால்? 1988இல் குரு கோவேகர் வழக்கில், அப்போதும் வண்டியின் காப்பீட்டாளரே மூன்றாம் தரப்பினருக்குச் செலுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதாவது மெக்கானிக்கின் கையிலுள்ள வண்டிக்குப் பதில் கிடைத்துவிட்டது. மெக்கானிக்கின் கை விட்டுச்சென்ற குறைக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

5. நுகர்வோர் சட்டம் தரும் கருவி

2020இல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பொருள் சார்ந்த பொறுப்பு என்ற தனி அத்தியாயத்தைக் கொண்டுவந்தது. தயாரிப்பாளர், விற்பவர் ஆகியோருடன் பொருள் சார்ந்த சேவை தருபவரையும் அது பொறுப்பாளியாக்குகிறது. 85ஆம் பிரிவு வண்டிப் பட்டறைக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது. குறையான சேவை மட்டுமல்ல, தெரிந்தே தகவலை மறைப்பதும், ஆபத்தைத் தடுக்கத் தேவையான எச்சரிக்கையோ அறிவுரையோ தராததும் பொறுப்பை உண்டாக்கும்.

இந்தக் கடைசி அம்சம் முக்கியமானது. சக்கரத்தைக் கழற்றி மாட்டியபின் சிறிது தூரம் ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும் என்பது தொழிலில் தெரிந்த பாடம். அதை வண்டிக்காரரிடம் சொல்லாமல் விடுவது இனி வெறும் மறதியன்று, சட்டக்குறை. 'பின்பக்க லைனிங் தேய்ந்திருக்கிறது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்' என்று வாய்ச்சொல்லாகக்கூட எச்சரிக்காமல் வண்டியை அனுப்பிவிடுவதும் அப்படியே. எச்சரித்தும் உரிமையாளர் செலவுக்கு அஞ்சி மறுத்தால் பொறுப்பு அவர் பக்கம் சாயும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190ஆம் பிரிவு, தெரிந்த அல்லது சாதாரணக் கவனத்தால் தெரிந்திருக்கக்கூடிய ஆபத்தான குறையோடு வண்டியை ஓட்டுபவரையும் ஓட்ட விடுபவரையும் தண்டிக்கிறது. அந்தக் குறையால் விபத்து நேர்ந்து ஒருவர் காயமடைந்தால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

ஆனால் நுகர்வோர் சட்டத்தின் வரம்பு நடைபாதையோடு முடிந்துவிடுகிறது. முறையிடும் உரிமை பெரும்பாலும் நுகர்வோருக்கே. வேலைக்குப் பணம் தந்த உரிமையாளர் நுகர்வோர். அவர் ஒப்புதலோடு சேவையின் பயனைப் பெறுபவரையும் சட்டம் சேர்த்துக்கொள்வதால், வண்டியில் உடன் சென்ற குடும்பத்தினருக்காக வாதிட இடமிருக்கிறது. கழன்ற சக்கரம் வந்து மோதிய வழிப்போக்கர் எந்த வகையிலும் நுகர்வோர் ஆகமாட்டார். வணிக நோக்கில் வண்டி வைத்திருப்பவரும் பொதுவாக வெளியே நிற்கிறார். சொந்தப் பிழைப்புக்காக ஒற்றை வண்டி ஓட்டுபவருக்கே விலக்கு. ஸ்டெனட் வழக்கின் நடைபாதைப் பெண் இன்று சென்னையில் இருந்தால், அவர் நாட வேண்டியது 1939இன் அதே பொதுச்சட்டத்தைத்தான்.

காலவரம்பு இன்னொரு சிக்கல். நுகர்வோர் முறையீட்டுக்கு இரண்டு ஆண்டு. தீர்ப்பாயத்தின் ஆணை வந்து, தன்மீது விழுந்த தொகையைப் பார்த்தபின் பட்டறைமேல் வழக்குப் போடலாம் என்று காத்திருக்கும் உரிமையாளருக்கு அந்தக் காலம் முடிந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். தாமதத்தைப் பொறுத்தருள ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது கேட்டுப் பெற வேண்டியது, உரிமையன்று.

6. சான்று எங்கே போகிறது

இதுவரை சொன்ன தடைகள் எல்லாம் வாதத்தால் கடக்கக்கூடியவை. கடக்க முடியாதது சான்றின்மை.

உடைந்த உலோகம் பேசும். நாள்பட்ட களைப்பால் முறிந்த அச்சின் வெட்டுமுகத்தில், அலை வாங்கிய கடற்கரை மணலில் தெரியும் வரிகளைப் போல, விரிசல் வளர்ந்த தடங்கள் வரிவரியாக இருக்கும். மோதலின் அதிர்ச்சியில் ஒரே கணத்தில் முறிந்த அச்சின் முகம் அப்படி இராது. தளர்ந்த நட்டுகளோடு ஓடிய சக்கரத்தில் ரிம்மின் போல்ட் துளைகள் நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கும், போல்ட்டின் மரை சிராய்ந்திருக்கும். பிரேக்கில் கனிம எண்ணெய் கலந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் ஊதிப்போயிருக்கும். விபத்துக்கு முந்திய குறையா, விபத்தின் விளைவா என்பதை இப்படிப் பிரித்தறிய முடியும். வழக்கின் முடிவே இந்த ஒரு கேள்வியில் தொங்குகிறது.

நடப்பது என்ன? மோட்டார் வாகனச் சட்டத்தின் 136ஆம் பிரிவின்படி விபத்தில் சிக்கிய வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் சோதிக்கலாம். மக்கள் பேச்சில் அவர் பிரேக் இன்ஸ்பெக்டர். பிரேக், ஸ்டியரிங் ஆகியவற்றின் நிலையும் சேதங்களின் பட்டியலும் எழுதப்பட்டு, விபத்து இயந்திரக் கோளாறினால் நேர்ந்ததன்று என்ற ஒற்றை வரியோடு அறிக்கை முடிவதே பெரும்பான்மை. வண்டி நொறுங்கிக் கிடந்தால் ஓட்டிப் பார்த்துச் சோதிக்க இயலவில்லை என்ற குறிப்பு இருக்கும். கண்ணால் பார்த்தும் மிதித்துப் பார்த்தும் செய்யும் சோதனை இது. கழற்றிப் பார்க்க ஆய்வாளருக்கு நேரமும் இல்லை, பட்டறை வசதியும் இல்லை. ஹெண்டர்சன் வழக்கின் அரித்த குழாய் இப்படிப்பட்ட சோதனையில் ஒருபோதும் அகப்பட்டிருக்காது. 2022 முதல் நடைமுறையிலுள்ள விரிவான விபத்து அறிக்கை முறை இயந்திரச் சோதனை அறிக்கையையும் தன் பகுதியாகக் கேட்கிறது. படிவம் விரிந்திருக்கிறது, ஆய்வின் ஆழம் அதோடு சேர்ந்து தானாக வந்துவிடாது.

அடுத்து வண்டி விடுவிக்கப்படுகிறது. கடனுக்கு வாங்கிய வண்டி நின்றால் தவணை நிற்காது. உரிமையாளர் அவசரப்படுவதில் குற்றமில்லை. வண்டி மறுபடி ஒரு பட்டறைக்குப் போகிறது. பல நேரம் அதே பட்டறைக்கு. உடைந்த பாகம் கழற்றப்பட்டு இரும்புக்கடைக்குப் போய்விடுகிறது. விபத்துக்குக் காரணமான பாகத்தை வழக்கு முடியும்வரை காவல்துறையோ காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயரோ வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், செலவு ஒரு சாக்குப்பையும் ஒரு முத்திரையும்தான்.

இரண்டாவது சான்று ஜாப் கார்டு. என்ன குறை சொல்லப்பட்டது, எதைக் கழற்றினார்கள், எந்தப் பாகம் போட்டார்கள், யார் செய்தார், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்பதற்கான எழுத்து. நிறுவனங்களின் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர்களில் இது உண்டு. அதன் பின்பக்கத்தில் பொறுப்புத் துறப்புகளும் பொடி எழுத்தில் உண்டு. அந்தத் துறப்பு கையெழுத்திட்ட வாடிக்கையாளரோடு நிற்கும். சாலையில் நடப்பவர் எதிலும் கையெழுத்திடவில்லை. வீதியோரப் பட்டறைகளில் பெரும்பாலும் துண்டுச்சீட்டில் தொகை மட்டும். வாங்கிய பாகம் அசலா டூப்ளிகேட்டா என்பதற்குக்கூடத் தடயம் இராது.

மூன்றாவதாக, கண்காணிப்பு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கு மோட்டார் வாகன விதிகளின்கீழ் உரிமம் தேவை. புகைச்சோதனை மையத்துக்கு அங்கீகாரம் தேவை. பிரேக்கைக் கழற்றி மாட்டுபவருக்கு அந்தச் சட்டத்தின்கீழ் எந்த உரிமமும் தேவையில்லை. லாரி, பேருந்து முதலியவை முதல் எட்டு ஆண்டுகள் இரண்டாண்டுக்கு ஒருமுறையும் பின்னர் ஆண்டுதோறும் எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்றுக்கான சோதனைக்குப் போக வேண்டும். சொந்தக் காருக்குப் பதிவுக்காலமான பதினைந்து ஆண்டு முடியும்வரை அப்படியொரு சோதனையே இல்லை. அதுவரை அந்தக் காரில் செய்யப்படும் எந்த வேலையையும் மூன்றாவது கண் ஒன்று பார்ப்பதில்லை.

7. பொறுப்பு யார்மேல் இறங்க வேண்டும்

குற்றவியல் சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். கவனக்குறைவால் மரணம் விளைவிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுவரை சிறை தரக்கூடிய குற்றம். மெக்கானிக்கையும் அதற்குள் கொண்டுவர முடியும். ஆனால் குர்பான் ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தபடி, குற்றஞ்சாட்டப்பட்டவரின் செயல், பிறருடைய கவனக்குறைவு இடையிடாத நேரடிக் காரணமாக இருக்க வேண்டும். பழுதுபார்த்ததற்கும் விபத்துக்கும் நடுவே வேகமும் பாரமும் சாலையின் நிலையும் நுழைந்துவிடுவதால் இதை நிறுவுவது கடினம். கடினமாக இருப்பது நல்லது என்றே நினைக்கிறேன். சிறைக்குப் போகக்கூடியவர் பெரும்பாலும் பட்டறையின் முதலாளி அல்லர். ஸ்பானர் பிடித்த இளைஞர். 'இப்போதைக்கு ஓடுகிற மாதிரி செய்து கொடு' என்று சொன்ன வண்டி முதலாளியும் சிறைக்குப் போகமாட்டார்.

நான் வலியுறுத்துவது உரிமையியல் பொறுப்பை. அதிலும், அதைச் செயல்படுத்தும் வலிமை உள்ள தரப்பு ஒன்றே ஒன்று: காப்பீட்டு நிறுவனம். மூன்றாம் தரப்பினருக்குத் தொகையைச் செலுத்தியபின், காப்பீடு பெற்றவரின் இடத்தில் நின்று உண்மையில் தவறு செய்தவரிடம் பங்கைக் கோர அதற்கு வழி உண்டு. பொறியாளர்களும் சர்வேயர்களும் அதனிடம் இருக்கிறார்கள். ஆயினும் அந்த உரிமை பட்டறைகளுக்கு எதிராகப் பயன்படுவது அரிது. தோண்டும் செலவு மிகுதி, தெருமுனைப் பட்டறையிடமிருந்து வரவு குறைவு, பிரீமியத்தில் ஏற்றிக்கொள்வது எளிது. வணிகக் கணக்கில் இது சரி. பொதுநலக் கணக்கில், ஒரே வகைப் பாகம், ஒரே வகைத் தவறு ஊர் ஊராக உயிர் வாங்கினாலும் யாருக்கும் தெரியாமல் போகிறது. குறையுள்ள வாகன மாதிரிகளைத் திரும்பப் பெறச் செய்யும் அதிகாரத்தை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 110ஏ பிரிவின் வழி ஒன்றிய அரசுக்குத் தந்திருக்கிறது. குறையான பழுதுபார்ப்புக்கு அப்படித் தகவல் திரளும் இடமே இல்லை.

பட்டறைக்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். சில லட்ச ரூபாய் முதலீட்டில் நடக்கும் தொழிலின் மேல் அரைக்கோடி ரூபாய் இழப்பீட்டில் பாதி விழுந்தால் அந்தக் குடும்பமும் அழியும். பாதிக்கப்பட்டவருக்கும் பணம் வராது. வண்டிக்கு மூன்றாம் தரப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியதற்கு என்ன காரணம் சொன்னோமோ அதே காரணம் இங்கும் பொருந்தும். பிரேக், ஸ்டியரிங், சக்கரம் ஆகிய மூன்றில் கைவைக்கும் பட்டறைகளுக்கேனும் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கலாம். சிறு பட்டறைகள் கூட்டாக எடுக்கும் வகையில் அதன் பிரீமியத்தைத் தாழ்வாக வைக்கலாம். காப்பீடு தரும் நிறுவனம் நிபந்தனையாகக் கேட்கப்போவது, பாகத்தின் பெயரும் வேலை செய்தவரின் கையெழுத்தும் ஓடிய கிலோமீட்டரும் உள்ள ஒரு பக்கப் பதிவேடு. நாமக்கல்லிலும் கரூரிலும் வண்டிக்கு உடல் கட்டும் கூடங்கள் வரைபடமும் அளவும் வைத்து வேலை செய்யப் பழகியிருக்கின்றன. பிரேக் வேலைக்கு ஒரு பக்கம் எழுதுவது பட்டறைகளுக்கு இயலாத காரியமன்று. அந்தப் பக்கம் இருந்தால் ஒழுங்காக வேலை செய்த மெக்கானிக் தன்மேல் பழி வரும் நாளில் எடுத்துக் காட்டவும் அதுவே உதவும். இன்று அவரிடமும் காட்ட ஒன்றுமில்லை.